தமிழ் அச்சுத் தந்தை அன்றீக் அடிகளாரும் குருதித் தூய்மைச் சட்டமும்

வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் தூத்துக்குடித் துறைமுகத்திற்குத் தெற்கே, தாமிரவருணி ஆறு கடலொடு கலக்குமிடத்தில், புன்னைக்காயல் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் முத்துக்குளித்துறையின் தலைமைப் பட்டினங்களுள் ஒன்றாக விளங்கிய அவ்வூர் இன்று அமைதியான மீனவர் ஊராகும். அங்கே பதினாறாம் நூற்றாண்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கரையோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்டு, தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணம் வகுத்து, இந்திய மொழிகளுள் தமிழே முதன்முதலாக இம்மண்ணில் தன் சொந்த எழுத்தில் அச்சேறக் காரணமாயிருந்தவர் அன்றீக் அடிகளார் எனப்படும் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார்.

அவரைத் தமிழ் அச்சின் தந்தையெனப் பள்ளி மாணவரும் அறிவர். அவர் பிறப்பின் காரணமாகத் துறவு மடமொன்றினின்று வெளியேற்றப்பட்டவர் என்பதைப் பலரும் அறியார். பாடநூல்கள் அச்செய்தியைச் சொல்வதில்லை. நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார்க்கு என்ன இடம் என்று வினவும் அன்பர்க்கு நாம் கூறும் விடை அச்செய்தியிலேயே உள்ளது.

அன்றீக்கர் 1520-ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் விலாவிசோசா என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர். அந்நாட்டில் யூதர்க்கு நேர்ந்ததைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 1492-இல் இசுபானிய அரசு தன் நாட்டு யூதர் அனைவரையும் துரத்தியது. அவர்களுட் பெரும்பாலோர் அண்டை நாடாகிய போர்த்துக்கல்லிற் புகலடைந்தனர். ஐந்தே ஆண்டுகளில், 1497-இல், மானுவேல் மன்னன் அவர்கள் அனைவரையும் வன்முறையால் கிறித்தவராக்கினான். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து ஞானமுழுக்குச் செய்வித்த கொடுமையும் அவ்வாண்டில் நிகழ்ந்தது. அவ்வாறு மதம் மாற்றப்பட்டோர்க்குப் புதுக் கிறித்தவர் என்று பெயரிட்டனர். பெயரில் மட்டுமே அவர்கள் புதியவராக இருக்கவில்லை. மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும் புதுக் கிறித்தவரே! எத்தனை தலைமுறை கடந்தாலும், எத்துணைப் பக்தியோடு செபித்தாலும், குருதியில் யூதக் கலப்பு உண்டாதலின் அவர் ஐயத்திற்குரியவர் எனப்பட்டனர். 1506-இல் லிசுபன் நகரில் மதவெறி கொண்ட கும்பல் புதுக் கிறித்தவர்களை வீடுவீடாகத் தேடிக் கொன்றது. மாண்டோர் தொகை ஏறத்தாழ 2,000 என்பர்.

இக்கோட்பாட்டிற்கு அந்நாட்டார் வைத்த பெயர் குருதித் தூய்மை என்பதாகும். அரசுப் பதவிக்கும், கல்லூரிக்கும், துறவு மடத்திற்கும் விண்ணப்பிப்போரின் தாய்வழி தந்தைவழி மூதாதையர் யாவர் என்று ஊரூராகச் சென்று விசாரித்துச் சான்று பெறும் வழக்கம் ஐபீரிய நாடுகளில் பரவியது. நாம் இதனை வகுப்பறையில் எடுத்துரைத்தபோது மாணவர்க்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இருபது ஆண்டுகட்கு முன் ஒரு மாணவன் எழுந்து, அந்த ஊரிலும் எந்தத் தெரு என்று கேட்பார்களா ஐயா என்று வினவினான். அதனினும் சிறந்த விளக்கவுரையை நாம் எந்த நூலிலும் கண்டிலோம்.

இளைஞராயிருந்த அன்றீக்கர் பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்து துறவாடை பூண்டார். அவருடைய பிறப்பு வெளிப்பட்டதும் அச்சபை அவரை வெளியேற்றியது. அவர்பால் ஒழுக்கக் குறையோ கல்விக் குறையோ காணப்படவில்லை. பின்னர் அவர் கோயிம்பிரா நகரிற் கல்வி பயின்று, 1545-இல் அங்கேயே சேசு சபையிற் சேர்ந்தார். அச்சபை அப்போது தோன்றி ஐந்தே ஆண்டுகள் ஆன இளஞ்சபை. அதனை நிறுவிய இஞ்ஞாசியார் யூதக் குருதியை ஒரு குறையாகக் கருதாதவர். அவருக்குப் பின் சபைத் தலைமையேற்ற லாயினெசும் யூத வழியினரே. ஒரு கதவு அடைபட்டபோது மற்றொரு கதவு திறந்திருந்தமையால் தமிழுக்கு ஓர் அன்றீக்கர் கிடைத்தார்.

1546-இல் அவர் கோவாவை அடைந்தார். அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பெற்றார்.

அவர் வந்து சேர்ந்த கரையின் நிலையை நோக்குவோம். முத்துக் குளிப்பு உரிமை பற்றிப் பரதவர்க்கும் முஸ்லிம் வணிகர்க்கும் எழுந்த பூசல் கொலை வரை முற்றியிருந்தது. காத்துக்கொள்ள வழியின்றித் தவித்த பரதவர் தூதுக்குழுவொன்றைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டினர். பாதுகாப்பின் விலை ஞானமுழுக்கு. 1536, 1537-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பரதவர் கிறித்தவராயினர். முத்தின் வருவாய் போர்த்துக்கீசியர் கைக்கு மாறியது.

இங்கே ஓர் ஒற்றுமையைச் சுட்டாமல் அப்பாற் செல்ல இயலவில்லை. அதே 1536-ஆம் ஆண்டில், அதே போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் யோவான், தன் நாட்டிற் சமய விசாரணை மன்றம் நிறுவுவதற்கு உரோமைத் திருத்தந்தையின் இசைவைப் பெற்றான். இக்கரையில் ஒரு மக்கட் கூட்டம் தனக்கு நலமென்று தோன்றிய சமயத்தைத் தானே நாடிச் சென்ற அதே காலத்தில், மன்னனின் சொந்த நாட்டில், மனத்திற்குள் வேறு நம்பிக்கை வைத்திருக்கக்கூடும் என்னும் ஐயத்திற்கே சிறையும் சித்திரவதையும் நெருப்பும் காத்திருந்தன. விசாரணை மன்றத்தில் குற்றம் சாட்டியவர் பெயர் குற்றவாளிக்கு அறிவிக்கப்படுவதில்லை. சான்றுகளை மறுக்க அவருக்கு வாய்ப்பும் குறைவு. வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றினார், பன்றியிறைச்சி உண்ண மறுத்தார் என்று பக்கத்து வீட்டார் ஒரு சொல் சொன்னாற் போதும்.

அந்த மன்றம் இந்தியாவிற்கும் வேண்டும் என்று மன்னனுக்கு எழுதியவர், இக்கரை மக்கள் இன்றும் போற்றும் சவேரியாரே. 1546-ஆம் ஆண்டு மே மாதத்தில் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து அவர் விடுத்த மடலில் அவ்வேண்டுகோள் உள்ளது. அவர் ஏழை மக்களிடையே வெறுங்காலோடு நடந்து உழைத்ததும் மெய், இம்மடலும் மெய். 1560-இல் கோவாவில் மன்றம் நிறுவப்பட்டது. இடையில் சில ஆண்டுகள் நின்று, 1812-ஆம் ஆண்டு வரை அது இயங்கிற்று. புதுக் கிறித்தவரில் தொடங்கிப் பின்னர் மதம் மாறிய இந்தியர் மீதும் அதன் கை நீண்டது. தம் பழைய வழக்கத்தை முற்றும் மறவாத குற்றத்திற்காக உழவரும் கைவினைஞரும் தண்டனை பெற்றனர்.

அன்றீக்கரைப் போன்றே யூத வழியில் வந்தவர் கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர். இந்திய மூலிகைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1563-இல் கோவாவில் அச்சாயிற்று. ஐரோப்பிய மருத்துவர்கள் அதனை மொழிபெயர்த்துப் போற்றினர். அவர் 1568-இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய தங்கை கத்தரீனாவை விசாரணை மன்றம் தீயிலிட்டது. 1580-இல் ஓர்த்தாவின் கல்லறையைத் தோண்டி எலும்புகளை எடுத்து எரித்தது. இறந்து பன்னிரண்டு ஆண்டு ஆனவரையும் விடவில்லை! அன்றீக்கரின் முதல் தமிழ் நூல் அச்சேறி அப்போது ஏறத்தாழ இரண்டாண்டே ஆகியிருந்தது. தம் பிறப்பை அறிந்தவர்கள் சபைக்குள்ளும் வெளியிலும் சூழ்ந்திருக்க, அவ்வச்சத்தின் நிழலில் அவர் புன்னைக்காயலிலிருந்து பணியாற்றினார் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அவர் தமிழ் கற்ற வரலாறு ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு மிக இனிப்பதாகும். அவருக்கு முன் வந்தோர் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே பேசினர். தன் மனக்குறையை மூன்றாமவன் வாயிலாகச் சொல்ல எவர்தாம் விரும்புவர்? அன்றீக்கர் இரவும் பகலும் முயன்றார். தாம் அறிந்த இலத்தீன் இலக்கணத்தின் சட்டத்தைக் கொண்டு தமிழ் வினைச்சொற்களை வகை செய்தார். கற்றோர் ஓலையில் எழுதிய செய்யுளைக் காட்டிலும், கடற்கரையில் வலையிழுப்போரும் மீன் விற்கும் பெண்டிரும் பேசிய பேச்சே அவருக்குப் பாடமாயிற்று. 1549-ஆம் ஆண்டளவில் அவர் ஒரு தமிழ் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். அதன் கையெழுத்துப் படி லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. 1982-இற்றான் அது அச்சு வடிவம் பெற்றது. 2013-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் கரையோர மக்கள் எவ்வாறு பேசினர் என்பதற்கு அந்நூல் ஓர் ஒலிப்பதிவு போன்றது. புலவர் நூல்கள் தராத சான்று அது.

1549-இல் கிரிமினாலி என்னும் பாதிரியார் வேதாளையிற் படைவீரராற் கொல்லப்பட்டார். அதன்பின் முத்துக்குளித்துறைப் பணியின் தலைமை அன்றீக்கர்க்கு வந்தது. 1576 வரை அப்பொறுப்பில் இருந்தார். மக்களின் நன்கொடை கொண்டு புன்னைக்காயலில் மருத்துவமனை அமைத்தார். 1553-இல் அப்பட்டினம் தாக்கப்பட்டபோது பிடிபட்டுச் சிறையும் இருந்தார்.

இனி அச்சுப் பணி. 1554-இல் லிசுபனில் ஒரு தமிழ்ச் செப நூல் அச்சாயிற்று. ஆயின் அது தமிழ் ஒலியை உரோமன் எழுத்திற் பெயர்த்தெழுதியது. தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்க்கும் முயற்சி கோவாவிலும் கொல்லத்திலும் நடந்தது. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். மெய்யெழுத்துகளுக்கு ஓலைச்சுவடி வழக்கைப் போலவே புள்ளி இல்லை. அச்செலவைத் தாங்கியவர் முத்துக் குளித்துப் பிழைத்த பரதவர். மூச்சை அடக்கிக் கடலடியிற் சென்று ஈட்டிய காசினால் தமிழின் முதல் அச்சு நூல் பிறந்தது என்பதை நம் இளைஞர் நெஞ்சிற் பதித்துக் கொள்வாராக. மறு ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் அச்சாயிற்று. 1586-இல் அறுநூறு பக்கங்களைக் கடந்த அடியார் வரலாறு வெளிவந்தது. அப்பெருநூலை இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பிக்க, 1967-இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் மீண்டும் வெளியிட்டது. தம்பிரான் வணக்கத்தின் படியைக் காண வேண்டுமாயின் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

அன்றீக்கரை நாம் குடியாட்சியின் காவலராகக் காட்டப் புகவில்லை. அவர் அக்காலத்து மனிதர். பிற சமயங்களைப் பொய்யென்றே நம்பினார்; அவற்றை மறுத்தும் எழுதினார். போர்த்துக்கீசியரின் படைபலமே அவர் பணிக்கு அரணாயிருந்தது. எல்லாரும் தத்தம் நம்பிக்கையோடு வாழ உரிமையுடையர் என்னும் எண்ணம் அவர் எழுத்தில் எழவில்லை. அஃது அன்றைய ஆட்சியாளர் எவரிடத்தும் எழவில்லை. மன்னாரிற் கிறித்தவரான மக்களுள் ஏறத்தாழ 600 பேரை 1544-இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொன்றான். 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தாமும் கிறித்தவரே ஆயினும், கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கினர். கோவாவில் விசாரணை மன்றம் நடத்திய அதே திருச்சபையைச் சார்ந்த யோசேவாசு அடிகளார், 1687-இல் இத்துறைமுகத்திலிருந்து கூலியாள் வேடத்தில் இலங்கைக்குக் கப்பலேறும் நிலை வந்தது. ஆட்சியும் சமயமும் ஒரு கையில் இருக்குமிடத்து, கை மாறினால் அடிபடுவோர் மாறுவர், அடி மாறாது.

இக்கரையின் திருச்சபையும் சாதியை விட்டொழிக்கவில்லை. 1606-இல் மதுரைக்குச் சென்ற நொபிலி அடிகளார் மேற்குலத்தாரை ஈர்க்கும் பொருட்டுப் பூணூலையும் குடுமியையும் ஏற்றார். காலப்போக்கில் ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தனிக் குருக்களும் தனியிடமும் ஏற்பட்டன. வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை இடிக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. குருதித் தூய்மையால் விலக்குண்டவர் தமிழிற் செபம் கற்பித்த சபையிலேயே குருதித் தூய்மை வேறு பெயரோடு அமர்ந்துகொண்டது.

பரதவர் 1536-இற் செய்தது நமக்கு அயலான செய்தியன்று. துன்புற்ற ஒரு கூட்டம் தன் சமயத்தை மாற்றிக் கொள்வதை அதன் பகைவர் அச்சுறுத்தல் என்றும் அறியாமை என்றும் ஆசை வார்த்தை என்றும் கூறுவர். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலக்கக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். 1935-இல் இயோலாவில் அறிவித்து, இருபத்தோராண்டு ஆராய்ந்து எடுத்த முடிவு அது. 1981 பிப்ரவரியில் அன்றைய நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நம் மக்கள் பல குடும்பங்களாக இசுலாம் தழுவினர். சிற்றூர்த் தேநீர்க் கடையிற் குவளையும் தெருவில் நடையும் மறுக்கப்பட்டவர் அவர்கள். நாடெங்கிலுமிருந்து தலைவர்கள் திரண்டு வந்தனர். வெளிநாட்டுப் பணம் என்றனர். நெடுங்காலம் அவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியது எந்நாட்டுப் பணம் என்று கேட்டவர் சிலரே. மறு ஆண்டு மார்ச்சில் மண்டைக்காட்டிற் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர்.

2002-இல் தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் விதியொன்றை நாம் பலமுறை படித்துப் பார்த்தோம். பிறரை மதம் மாற்றுவோர்க்கு மூன்றாண்டுச் சிறை. மாற்றப்படுவோர் பட்டியல் சாதியினராயினும் பழங்குடியினராயினும் பெண்டிராயினும் சிறுவராயினும் நான்காண்டுச் சிறை. பட்டம் பெற்ற நம் இளைஞனும், ஐம்பது வயதான அவன் தந்தையும், அச்சட்டத்தின் கண்ணிற் பால் மணம் மாறாத சிறுவரோடு ஒரே வரிசையில் நின்றனர். தம் நன்மை தீமையைத் தாமே அறிய மாட்டார் என்பது அதன் உட்கிடை. 2004-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது. பிற மாநிலங்கள் சிலவற்றில் இத்தகைய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன.

நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையை எல்லா மாந்தர்க்கும் வழங்குகிறது. எனினும் 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, ஒருவன் எந்தச் சமயத்தான் என்று கேட்டே சலுகை அளித்தது. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் விரிந்த அவ்வாணை, கிறித்தவரும் முஸ்லிமும் ஆனோர்க்கு விரியவில்லை. கோயிலை மாற்றினும் சேரி மாறாத இந்நாட்டில், உரிமையைத் துய்ப்பவன் உதவியை இழக்கிறான். இத்தகைய உரிமையை முழு உரிமை என்று எவ்வாறு உரைப்பது?

மீண்டும் புன்னைக்காயலுக்கு வருவோம். 1593-இல் அன்றீக்கர்க்கு அகவை எழுபத்து மூன்று. அவ்வாண்டு உரோமையிற் கூடிய சேசு சபைப் பேரவை, யூதர் அல்லது முஸ்லிம் வழியில் வந்தவரைச் சபையில் இனிச் சேர்த்தலாகாது என்று ஆணை பிறப்பித்தது. நாற்பத்தெட்டு ஆண்டு அச்சபைக்கு உழைத்த முதியவர், அன்று புதிதாக வந்து கதவைத் தட்டியிருந்தாராயின் வெளியே நிறுத்தப்பட்டிருப்பார். 1608-இல் சற்றுத் தளர்த்தப்பட்ட அவ்வாணை முற்றாக நீக்கப்பட்டது 1946-ஆம் ஆண்டிற்றான். இட்லரின் ஆட்சி நிகழ்த்திய இனப்படுகொலையில் ஏறத்தாழ அறுபது இலக்கம் யூதர் மாண்ட பிறகே அக்கதவு திறந்தது.

1599-இல் கேரளத்து உதயம்பேரூரில் கோவாப் பேராயர் மெனேசிசு ஒரு சங்கம் கூட்டினார். அங்குப் பழமையாக வாழ்ந்த தோமா கிறித்தவரின் சிரியாக்கு மொழி நூல்களிற் பிழையுண்டெனத் தீர்ப்பளித்து, பலவற்றை எரிக்கச் செய்தார். கொல்லத்திலும் கொச்சியிலும் தமிழ் நூல் அச்சிட்ட கைகள் ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள், அதே நாட்டில் ஏடுகள் எரிந்தன.

1600-ஆம் ஆண்டு, எண்பதாம் அகவையில், அன்றீக்கர் புன்னைக்காயலில் உயிர் நீத்தார். அவர் உடலைத் தூத்துக்குடிக்குக் கொணர்ந்து பனிமய அன்னை கோயிலில் அடக்கம் செய்தனர். அன்று சுற்றியிருந்த முஸ்லிம்கள் நோன்பிருந்தனர் என்றும், இந்துக்கள் கடைகளை அடைத்தனர் என்றும் சேசு சபையாரின் வரலாற்றேடுகள் குறித்து வைத்துள்ளன.